11 வயசு நாய், நெஞ்சில சத்தம் இருக்கு. மயக்க ஊசி போட்டா ஹார்ட் தாங்குமோ?

கிணத்தடிக்காரி | ஞாயிறு இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம், கொக்குவிலில இருந்து எழுதுறன். எங்கட சின்னவனுக்கு இப்ப 11 வயசு, பொமேரியன், 4 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. வாய் சரியான நாத்தம், பின்பல்லு ஒண்டு ஆடுது, ஒரு பக்கத்தாலதான் சப்புறான். டொக்டர் பாத்திட்டு மயக்கிப் பல்லுக் கிளீன் பண்ணி உந்தப் பல்லையும் கழட்டத்தான் வேணும் எண்டவர். அதோட விட்டிருந்தாலும் பரவாயில்லை, நெஞ்சில குழாய் வைச்சுக் கேட்டிட்டு "சத்தம் ஒண்டு இருக்கு, வால்வு ஒழுகுது போல" எண்டும் சொல்லிப்போட்டார்.

ரெண்டு வருசத்துக்கு முதல் வேற ஒரு இடத்தில (பேர் வேண்டாம்) காதுப் புண் கழுவ எண்டு இவனுக்கு மயக்க ஊசி போட்டவை. போட்டு அஞ்சு நிமிசத்தில சத்தி எடுத்தான், பிறகு அப்பிடியே சரிஞ்சு படுத்திட்டான், முரசைப் பாத்தா வெளிறிப்போய்க் கிடக்கு, நெஞ்சில கை வைச்சா ஒரு துடிப்பு வந்து அடுத்தது வருமோ வராதோ எண்டு நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கேட்டதுக்கு "உது அப்பிடித்தான் இருக்கும்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த நாயைப் பாக்கப் போட்டினம். பின்னேரம் எழும்பிட்டான்தான், ஆனா அண்டையில இருந்து மயக்க ஊசி எண்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது. அது உண்மையிலயே அப்பிடித்தான் இருக்குமோ, இல்லாட்டி அண்டைக்கே இவன் தப்பினது தம்பிரான் புண்ணியமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பனங்கொட்டை | ஞாயிறு இரவு 9.40

விட்டிடுங்கோ அக்கா. எங்கட மாமான்ர நாய் உப்பிடித்தான் ஊசி போட்டு எழும்பவே இல்லை. ரெண்டு பேர் இறுக்கிப் பிடிச்சா ஆடுற பல்லைச் சும்மாவே கழட்டலாம், அந்தக் காலத்தில எங்கட பல்லையே அப்பப்பா நூல் கட்டித்தானே இழுத்தவர்.

வளவுக்காரன் | ஞாயிறு இரவு 10.05

உது விசர்க் கதை பனங்கொட்டை. நான் மூண்டு நாலு கருத்தடை முகாமில நாய் பிடிச்சுக் குடுக்க நிண்டிருக்கிறன். ஒரு நாளில எத்தினையோ ஊர் நாயளுக்கு சைலசின், கெற்றமின் எண்ட மயக்க மருந்துகளை ஏத்தி ஒப்பரேசன் முடிச்சு விடுறவை, எல்லாம் பின்னேரம் தள்ளாடித் தள்ளாடி எழும்பி அடுத்த நாள் படலையடியில நிண்டு குலைக்கும். சத்தி எடுக்கிறது, முரசு வெளிறுறது எல்லாம் நான் கண்டதுதான். அக்கா நீங்கள் சும்மா பயப்பிடுறியள் எண்டு நினைக்கிறன்.

ஊசிப்பெட்டி | திங்கள் காலமை 6.20

பேராதனையில படிச்சுப்போட்டு வன்னிப் பக்கம் கன காலம் மிருக வைத்தியரா வேலை செய்தனான், இப்ப ஓய்வு. விடியக் காலமை உதைக் கண்டிட்டு எழுதாம இருக்க ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வளவுக்காரன் சொன்னதும் சரி, அக்கா பயப்பிடுறதும் சரி. நாங்கள் எல்லாத்துக்கும் "மயக்க ஊசி" எண்டு ஒரே பேரை வைச்சிருக்கிறம், அதுக்குள்ள நாலைஞ்சு சாதி மருந்து இருக்கு, ஒவ்வொண்டும் ஹார்ட்டில செய்யிற வேலை வேற. ஒண்டு குழாயை நெரிக்கும், ஒண்டு குழாயைத் தளத்தும், ஒண்டு ஹார்ட்டைக் கெதியா ஓட வைக்கும்.

அக்கா சொன்ன சத்தி, வெள்ளை முரசு, மெல்லத் துடிக்கிற நெஞ்சு மூண்டையும் வைச்சுப் பாத்தா சைலசின் மாதிரித்தான் கிடக்கு. உது 1962 இல ஜேர்மனியில பேயர் கம்பனி கண்டுபிடிச்ச மருந்து, முதல்ல பிறசருக்கு எண்டுதான் செய்தவை, பிறகுதான் மிருகங்களைப் படுக்க வைக்கிறதுக்கு வந்தது. மெடெற்றோமிடின், டெக்ஸ்மெடெற்றோமிடின் எல்லாம் இதின்ர தம்பிமார். இந்தக் குடும்பம் உடம்புக்குள்ள போனவுடன ரத்தக் குழாயளை நெரிக்கும். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கேக்க ஹோசை மிதிச்சுப் பிடிச்சா என்ன நடக்கும்? மிசின் பக்கம் பிறசர் ஏறும், மிளகாய்ப் பாத்திக்குப் போற தண்ணி குறையும். அதேதான். கழுத்தில பிறசர் பாக்கிற நரம்பு முனையள் இருக்கு, அதுகள் மூளைக்குச் சொல்ல, மூளை ஹார்ட்டைப் பாத்து மெல்ல அடி எண்டுது. அதனால அந்த நேரம் ஹார்ட் மெல்ல அடிக்கிறது பழுதாப்போய் இல்லை, சொல்லுக் கேட்டு. ஒரு நாய்க்குச் சாதாரணமா நிமிசத்துக்கு 60 இலிருந்து 140 வரை துடிக்கும், இந்த மருந்து போட்டா 40, 50 எண்டு நிக்கும், இடைக்கிடை ஒரு அடி தவறவும் செய்யும். கொஞ்ச நேரத்தால குழாய் நெரிஞ்சது தளரும், பிறசரும் இறங்கும், ஆனா மருந்து மூளைக்குள்ளயும் வேலை செய்யிறபடியால் துடிப்பு மட்டும் கூடாது. இவ்வளவுக்கும் நிமிசத்துக்கு ஹார்ட் தள்ளுற ரத்தம் பாதியளவாக் குறைஞ்சிருக்கும். தோலுக்கும் குடலுக்கும் போறதை வெட்டிப்போட்டு மூளை, ஹார்ட், கிட்னிக்கு உடம்பு பாத்துக் குடுக்கும். முரசு வெளிறுறது அதனாலதான்.

நல்ல ஹார்ட் உள்ள இளம் ஊர் நாய் இதைத் தாங்கும், முகாமில நீங்கள் கண்டது அதுதான் தம்பி. வால்வு ஒழுகிற நாயின்ர கதை வேற. ஹார்ட் ஒருக்கா அமத்தேக்க ரத்தம் முழுக்க முன்னால போகோணும், வால்வு பழுதெண்டால் ஒரு பங்கு பின்னால மேலறைக்குத் திரும்பி ஓடும். வாய்க்கால் வரம்பில ஓட்டை இருக்கேக்க முன்பக்கத்தை அடைச்சால் தண்ணி எங்கால போகும்? ஓட்டையாலதான். அதால குழாயை நெரிக்கிற மருந்து ஒழுக்கைக் கூட்டும். டெக்ஸ்மெடெற்றோமிடின் பெட்டிக்குள்ள வாற தாளிலயே ஹார்ட் வருத்தம் உள்ள நாய்க்குப் போட வேண்டாம் எண்டு இருக்கு. கடும் வெக்கையில களைச்சுப்போன நாய்க்கும் வேண்டாம் எண்டு அதே தாளில இருக்கு, சித்திரை வைகாசி வெயிலில ஓட்டோவில கொண்டுவாற ஆக்கள் அதைக் கவனியுங்கோ.

ரெண்டு வருசத்துக்கு முதல் சின்னவனுக்குச் சத்தம் இருந்ததோ இல்லையோ, இப்ப இருக்கு. அதே ஊசி இனி வேண்டாம். பல்லைச் செய்ய வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல, அழுகின பல்லோட இருக்கிறதும் சித்திரவதைதான்.

தியேட்டர்நேர்ஸ் | திங்கள் மத்தியானம் 1.30

டொக்டர், நான் மனுச ஆஸ்பத்திரியில தியேட்டர் நேர்ஸ். துடிப்பு 40 க்குப் போனா எங்கட ஆக்கள் துடிப்பைக் கூட்ட உடன அற்றோப்பின் ஏத்துவினம். நாய்க்கும் அதை ஏத்திவிட்டா சரி தானே? ஏன் பாத்துக்கொண்டு நிக்கோணும்?

ஊசிப்பெட்டி | திங்கள் பின்னேரம் 4.45

நல்ல கேள்வி பிள்ளை, எங்கட ஆக்களிலயே கனபேர் இதில வழுக்கினவை. ஹோசை இன்னும் மிதிச்சுக்கொண்டுதானே நிக்கிறம், இப்ப மிசினை ஃபுல் ஸ்பீட்டில விட்டா என்ன நடக்கும்? பிறசர் தாறுமாறா ஏறும், ஹார்ட் தசைக்கு ஒட்சிசன் காணாது, அடி குழம்பும். அதனால அந்த நெரிக்கிற கட்டத்தில பிறசரைப் பாக்காம அற்றோப்பின் ஏத்திறது ஆபத்து. செய்ய வேண்டியது காலை எடுக்கிறது, அதாவது மாத்து மருந்து. மெடெற்றோமிடின் குடும்பத்துக்கு அற்றிபமெசோல், சைலசினுக்கு யோகிம்பின். குடுத்துக் கொஞ்ச நிமிசத்தில நாய் தலையைத் தூக்கும். ஒண்டு, மயக்கத்தோட நோ குறைக்கிற குணமும் சேத்துப் போயிடும், பல்லுக் கழட்டின வாயோட நாய் டக்கெண்டு எழும்பினா கத்தும்.

ஆனா மோர்பின் சாதி மருந்தால துடிப்பு இறங்கினது எண்டால் அற்றோப்பின் சரியான மருந்துதான். அங்க குழாய் நெரியிறேல்ல. எண்ணிக்கை ரெண்டிலயும் 45 தான், காரணம் வேற வேற.

தியேட்டர்நேர்ஸ் | திங்கள் பின்னேரம் 5.02

ஆ, இப்ப விளங்குது. நாங்கள் மொனிற்றரைப் பாத்துப் பழகிப்போனம், மருந்து எது எண்டு கேக்கிறேல்ல.

கனடாக்காரி | திங்கள் இரவு 11.50

ரொறொன்ரோவில இருந்து. எங்கட அம்மாச்சிக்கும் (சிவாவா, 12 வயசு, பேர் வைச்சது மகள், சிரிக்காதேங்கோ) வால்வு ஒழுக்குத்தான். சின்னச் சாதி நாயளுக்கு வயசு போகப் போக இதுதான் பொதுவா வாற ஹார்ட் வருத்தம், டோபர்மன் மாதிரிப் பெரிசுகளுக்கு ஹார்ட் தசையே மெலிஞ்சு வீங்கிற வருத்தம். அக்கா, முதல் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கோ. ஏலுமெண்டால் எக்கோ (ஹார்ட் ஸ்கான்). சத்தம் கேட்டாலும் ஹார்ட் பெருக்காம இருக்கிற நாய் ஒரு வகுப்பு, பெருத்தது அடுத்த வகுப்பு, நுரையீரலில தண்ணி வந்தது அதுக்கும் அடுத்தது. பெருத்த நாயளுக்கு பிமோபென்டன் எண்ட ஹார்ட் மருந்தை முதலே தொடங்கினா ஹார்ட் பெயிலியர் வாறது 15 மாசம் அளவில பின்னுக்குப் போகுது எண்டு 2016 இல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது, அம்மாச்சி அதிலதான் ஓடுறா.

எக்கோவை நாய் முழிச்சிருக்கேக்க எடுக்கச் சொல்லுங்கோ. இங்க எங்கட டொக்டர் சொன்னவ, டெக்ஸ்மெடெற்றோமிடின் போட்டிட்டு ஸ்கான் பண்ணினா ஹார்ட் பெருத்து, அமத்திறது குறைஞ்சு, நல்ல வால்வும் ஒழுகிற மாதிரிக் காட்டுமாம், பிறகு எது வருத்தம் எது மருந்து எண்டு பிரிக்க ஏலாது. அம்மாச்சி துள்ளுறவ, அதனால பியூற்றோபனோல் எண்ட மோர்பின் சாதி மருந்து மட்டும் கொஞ்சம் குடுத்துச் செய்தவை.

அதோட டொக்டர் ஊசிப்பெட்டிக்கு ஒரு கேள்வி, 2022 இல அமெரிக்காவில மெடெற்றோமிடினோட வற்றினொக்சன் எண்டு ஒண்டைச் சேத்து விட்டிருக்கினம் எண்டு வாசிச்சன், அது ஹார்ட்டுக்குப் பாதுகாப்போ?

ஊசிப்பெட்டி | செவ்வாய் காலமை 6.05

ஓம் பிள்ளை, அந்த வற்றினொக்சன் மூளைக்குள்ள அவ்வளவாப் போகாது, வெளிக் குழாயளில மட்டும் நெரியிறதைத் தடுக்கும், நித்திரை அப்பிடியே இருக்க துடிப்பு அவ்வளவு இறங்காது. கெட்டித்தனமான யோசனை. ஆனா அதின்ர தாளிலயும் ஹார்ட் வருத்தம் உள்ள நாய்க்கு வேண்டாம் எண்டுதான் எழுதிக் கிடக்கு. வடிவான வேலை, எங்கட சின்னவனுக்கு இல்லை.

பனங்கொட்டை | செவ்வாய் காலமை 8.15

அப்ப லேசா ஒரு மயக்கம் மட்டும் குடுத்து, குழாய் கிழாய் விடாம, கெதியாப் பல்லை எடுத்தா என்ன? ஃபுல் அனஸ்தீசியா எண்டால் தானே ஹார்ட் நிக்கும்.

ஊசிப்பெட்டி | செவ்வாய் காலமை 8.50

உதுதான் ஊரில எல்லாரும் நம்பிற கதை, வயசான நாய்க்கு இதால வாற கேடு கொஞ்சமில்லை. லேசா எண்டு ஒரு ஊசி போடுவினம், பல்லைத் தொட நாய் கடிக்கும், இன்னொண்டு போடுவினம், அதுவும் காணாது, மூண்டாவது. கடைசியில நாய் ஆழமாத்தான் கிடக்கும், ஆனா தொண்டைக்குள்ள குழாய் இல்லை, ஒட்சிசன் இல்லை, பிறசர் பாக்க ஆளில்லை, வாயுக்குள்ள ரத்தமும் தண்ணியும் நுரையீரலுக்குப் போற வழியில. ஒழுங்கா மயக்கி, குழாய் விட்டு, ஒட்சிசனோட ஐசோபுளூறேன் எண்ட மயக்க வாயு குடுத்து, சராசரி பிறசர் 60 க்குக் கீழ போக விடாமப் பாத்துச் செய்யிறது இவனை மாதிரி நாய்க்கு இதைவிட எவ்வளவோ மேல்.

இவனுக்கு நான் எண்டால் பியூற்றோபனோலும் மிடசோலாமும் சேத்துத் தொடங்குவன், ரெண்டும் ஹார்ட்டை அவ்வளவாத் தொடாது. நல்ல சுகதேகி நாய்க்கு மிடசோலாம் தனியக் குடுத்தா வெறி பிடிச்ச மாதிரி ஓடும், அது வேற கதை. பிறகு முழுசா நித்திரையாக்கப் புறொப்போபோல் மெல்ல மெல்ல, கெதியா அடிச்சா பிறசர் விழும், மூச்சும் நிக்கும். ஏசிப்புறோமசின் எண்டு இன்னொண்டு இருக்கு, அது மற்றப் பக்கம், குழாயைத் தளத்தும். வால்வு ஒழுக்குக்குக் குழாய் தளர்றது ஒரு கணக்கில நல்லம்தான், ஆனா மாத்து மருந்து இல்லை, மணிக்கணக்கா நிக்கும், ரத்தம் குறைஞ்ச நாய்க்குப் பிறசர் விழுந்தா ஏத்த ஏலாது. எங்கட ஊரில உண்ணிக் காய்ச்சல் வராத நாய் ஏது, அதனால ரத்தம் ஒருக்கா பாக்காம ஒண்டையும் தொடக்கூடாது. பொக்சர் சாதி நாய்க்கு ஏசிப்புறோமசின் வலு கவனம், மயங்கி விழுந்த கதையள் இருக்கு.

பனங்கொட்டையின்ர மாமா வீட்டுக் கதைக்கும் ஒண்டு சொல்லுறன். பிரித்தானியாவில 2002 இலிருந்து 2004 வரை மயக்கம் குடுத்த நாயளைக் கணக்கெடுத்தவை. சுகதேகி நாயளில செத்தது 0.05 வீதம், அதாவது 2000 இல ஒண்டு. ஏற்கனவே வருத்தம் உள்ளதுகளில 1.33 வீதம், கிட்டத்தட்ட 75 இல ஒண்டு. செத்ததில பாதிக்குக் கிட்ட ஒப்பரேசன் முடிஞ்ச பிறகுதான், அதிலயும் கன பங்கு முதல் மூண்டு மணித்தியாலத்துக்குள்ள. அதனால "முடிஞ்சுது, தூக்கிக்கொண்டு போங்கோ" எண்டால் போகாதேங்கோ அக்கா. எழும்பி இருந்து, சூடு வந்து, முரசு சிவந்த பிறகு போங்கோ.

பனங்கொட்டை | செவ்வாய் காலமை 9.10

சரி, 75 இல ஒண்டு எண்டால் சின்ன விசயம் இல்லையே. நான் பயந்ததிலயும் ஒரு நியாயம் இருக்குத் தானே.

ஊசிப்பெட்டி | செவ்வாய் காலமை 9.20

இருக்கு. இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனா அந்த 75 க்குள்ள சாகக் கிடந்து அவசர ஒப்பரேசனுக்கு வந்ததுகளும் அடக்கம், நெஞ்சில சத்தம் மட்டும் இருந்துகொண்டு படலைக்கு ஓடிப்போய்க் குலைக்கிற நாயை அதோட சேத்து எண்ண வேண்டாம்.

வளவுக்காரன் | செவ்வாய் இரவு 7.30

நடுவில ஒரு கேள்வி, சொறி. தீவாளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெடி கொளுத்தேக்க எங்கட கடுவன் நாய் கட்டிலுக்குக் கீழ பூந்து நடுங்குவான். தடிமனுக்குக் குடுக்கிற மஞ்சள் குளுசை அரைவாசி குடுத்தா நித்திரை கொள்ளுவான் எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொல்லுறா. நித்திரைக் குளுசையும் குடுக்கிறவையாம்.

ஊசிப்பெட்டி | செவ்வாய் இரவு 8.00

அன்ரியின்ர கணக்கில ஒண்டும் குடுக்காதேங்கோ. மனுசரின்ர மன வருத்தக் குளுசையளில சிலது ஹார்ட்டின்ர அடியையே குழப்பும். ஏசிப்புறோமசின் குளுசையும் இதுக்குச் சரி வராது, நாய் அசையாமக் கிடக்கும், உள்ளுக்க பயம் அப்பிடியே இருக்கும். பயத்தைக் குறைக்க ட்றசொடோன், கபாபென்ரின் எண்டு இருக்கு, டொக்டர் நிறை பாத்து எழுதித் தரோணும். தனி இழை ஒண்டு திறவுங்கோ, இங்க சின்னவனைப் பாப்பம்.

கிணத்தடிக்காரி | புதன் இரவு 10.15

எல்லாருக்கும் கோடி நன்றி, வாசிச்சு வாசிச்சு அழுதிட்டன். இண்டைக்கு எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஹார்ட் பெருக்கேல்லையாம். நித்திரையில மூச்சு எண்ணச் சொன்னவர், விறாந்தையில படுத்திருக்கேக்க ரெண்டு தரம் எண்ணினன், நிமிசத்துக்கு 24. பழைய கிளினிக் காட்டையும் தேடி எடுத்தன், கோழிக் கிறுக்கலில எழுதினதை பார்மசித் தம்பி ஒராள் வாசிச்சுச் சொன்னவர், சைலசின்தான். அம்மா வேற, மெலிஞ்சு போனான் ஒரு சேலைன் ஏத்தச் சொல்லு தெம்பா இருப்பான் எண்டு ஒரே பிடி. பேராதனைக்குக் கொண்டு போகச் சொல்லி அண்ணை சொல்லுறான், போறதோ?

ஊசிப்பெட்டி | வியாழன் காலமை 5.55

24 நல்லம், 30 க்குக் கீழ இருக்கோணும், கூடினா உடன காட்டுங்கோ. பேராதனை ஆஸ்பத்திரி நல்லம்தான், நாட்டில இருக்கிற ஒரே மிருக வைத்திய பீடம் அங்கதான், ஆனா ஏ9 றோட்டால 300 கிலோமீற்றருக்கு மேல வானில அலைக்கிறதுக்கு, ஹார்ட் பெருக்காத நாய்க்கு, உங்கட டொக்டரிட்ட ஐசோபுளூறேன் மிசினும் மொனிற்றரும் இருந்தா இங்கயே செய்யலாம். முதலே போன் எடுத்து மருந்து இருக்கோ எண்டு கேளுங்கோ, காட்டையும் காட்டுங்கோ. காலமை முதல் ஆளாப் போங்கோ, வெக்கைக்கு முதல், மற்ற நாயள் வந்து குலைக்க முதல். பதறின நாய்க்கு உடம்பு முழுக்க அட்றினலின், எந்த மருந்தும் ஒழுங்காப் பிடிக்காது, பிடிக்கேல்ல எண்டு கூடப் போடுவினம்.

அம்மாவிட்ட சொல்லுங்கோ, சேலைன் தெம்பு மருந்தில்லை. ஒழுகிற ஹார்ட்டுக்குக் கண்டபாட்டுக்கு ஏத்தினா அந்தத் தண்ணி நுரையீரலிலதான் போய் நிக்கும். ஒப்பரேசன் நேரம் பிறசருக்காகக் கொஞ்சம் ஏத்துவினம், அளந்து, மெல்லமா. அதை டொக்டர் பாத்துக்கொள்ளுவார்.

கனடாக்காரி | வியாழன் இரவு 11.20

முருகன் இருக்கிறார் அக்கா. முடிஞ்சவுடன எழுதுங்கோ, நேரம் எத்தினை எண்டாலும் நான் முழிச்சிருப்பன்.

கிணத்தடிக்காரி | சனி பின்னேரம் 5.40

முடிஞ்சுது! காலமை ஏழரைக்குப் போனம். டொக்டர் காட்டைப் பாத்திட்டு "நல்லவேளை கொண்டு வந்தியள்" எண்டவர், ஊசிப்பெட்டி ஐயா சொன்ன அதே ரெண்டு மருந்துதான் தொடங்கினது, என்னைப் பக்கத்தில நிக்கவும் விட்டவர். இந்த முறை சத்தி இல்லை. முரசு ஒரு கட்டத்திலயும் வெளிறேல்ல, துடிப்பு 90, 95 எண்டு ஓடினதை நானே மொனிற்றரில பாத்துக்கொண்டு நிண்டன். பல்லு ஒண்டில்லை, மூண்டு கழட்டினது. ரெண்டரை வரைக்கும் அங்கயே வைச்சிருந்து சூடு பாத்துத்தான் விட்டவை. இப்ப விறாந்தையில படுத்துக்கொண்டு பனங்கொட்டை மாதிரி முறைச்சுப் பாக்கிறான்.

பனங்கொட்டை | சனி பின்னேரம் 5.48

😂 மூண்டு பல்லோ! நூல் காணாமப் போயிருக்கும். படம் போடுங்கோ அக்கா.

ஊசிப்பெட்டி | சனி பின்னேரம் 6.30

சந்தோசம் பிள்ளை. ரெண்டு நாளைக்கு மென்மையான சாப்பாடு, குழைச்ச சோறும் உப்புப் போடாம அவிச்ச மீனும் காணும். ஒழுகிற ஹார்ட்டுக்கு உப்புக் கூடாது, கருவாட்டுப் பக்கம் விடாதேங்கோ.

கிணத்தடிக்காரி | சனி பின்னேரம் 6.33

ஐயா, அம்மா இப்பத்தான் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனவ. நிண்டுகொள்ளுங்கோ வாறன்.